கொண்டலாத்திக்கு முதலாளி கிடைத்த கதை

எங்கள் பத்திரிகையை வாங்கியது யார் என்று என்னிடம் கேட்காதீர்கள். யார் என்று கண்டுபிடித்து, அந்த மனிதருக்கு ஒரு வாழ்த்தும் சொல்லித் தொலைத்ததால்தான் இவ்வளவு வினையும்.

என் பெயர் இன்ஸாஃப். 'கொண்டலாத்தி' வாரப் பத்திரிகையில் ராசிபலன் எழுதுகிறவள். கெய்ரோவில் முடிவெட்டும் கடை, பல் டாக்டர் வீட்டு நாற்காலி, பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசை என்று எங்கே பார்த்தாலும் எங்கள் பத்திரிகை காது மடங்கிக் கிடக்கும். அட்டையில் நடிகை, நடுவில் சமையல், கடைசிப் பக்கத்தில் நான். முகப்பில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கொண்டலாத்திப் பறவை. சுலைமான் நபிக்குச் சேதி கொண்டுபோன அதே பறவைதான். ஆனால் சுலைமானுக்குப் பிறகு அதற்குக் கிடைத்த எஜமானர்கள் அவ்வளவு உசத்தி இல்லை.

பெய்ரூத்திலிருந்து வந்த இஸ்கந்தர் கஹ்லாதான் பத்திரிகையை ஆரம்பித்தவர்; வெளிநாட்டுத் துரை என்பதால் எல்லோருக்கும் அவர் கவாஜா. அவர் காலத்தில் பறவை தலையில் சிவப்புக் குல்லா வைத்திருந்தது. ஒருநாள் காலையில் ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கி, கவாஜாவின் நாற்காலியில் உட்கார்ந்து, கவாஜாவையே காபி கொண்டுவரச் சொன்னார். பத்திரிகை மக்கள் சொத்தாகிவிட்டது. குல்லா போய், பறவையின் அலகில் கோதுமைக் கதிர் வந்தது. மக்களுக்குச் சலித்துப்போன காலத்தில் டைல்ஸ் வியாபாரி ஹாஜி ஃபத்தூஹ் வாங்கினார். கதிர் போய் அலகில் செல்போன் வந்தது. நடுப்பக்கத்தில் வாராவாரம் ஒரு குளியல் தொட்டி வந்தது.

ஆபீஸ் மாடிப்படிச் சுவரில் முதலாளி படத்தை மாட்டுவது வழக்கம். புதியவர் வந்தால் பழையவர் இறங்கிவிடுவார். ஆணியை மட்டும் பிடுங்க மாட்டார்கள். பிடுங்கினால் சுவர் பெயர்ந்து வருமாம். அதனால் படியேறினால் வரிசையாக ஆணிகள், கடைசி ஆணியில் ஹாஜியின் சிரிப்பு.

குளிர்காலம் முடிகிற சமயத்தில் ஒரு காலை அந்தச் சிரிப்பைக் காணோம். ஹாஜி 'பயணம் போயிருக்கிறார்' என்றார்கள். எங்கே என்று கேட்டவரை எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். பத்திரிகையை 'வளமான நாளை' என்று ஒரு கம்பெனி வாங்கியிருப்பதாகத் தெரிந்தது. அந்தக் கம்பெனிக்கு முகவரி இல்லை, போன் இல்லை, ஆணியில் மாட்ட ஒரு முகமும் இல்லை. சம்பளம் மட்டும் ஒழுங்காக வந்தது. வாங்கியவர்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்தி 'தரப்பு' என்றார்கள். எந்தத் தரப்பு என்று யாரும் கேட்கவில்லை. நம் ஊரில் அடைமொழி இல்லாத தரப்பு ஒன்றுதான் உண்டு, சுவருக்குக் காது வைக்கிற தரப்பு.

இதில் ஆசிரியர் ஸஃப்வத்துக்குத்தான் தூக்கம் போயிற்று. எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படி: ஒருவர் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தால் பத்திரிகையில் முழுப்பக்க வாழ்த்து, அவர் வீட்டில் துக்கம் என்றால் முழுப்பக்க அனுதாபம். போடாவிட்டால், 'எனக்கு உங்களைப் பிடிக்காது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததற்குச் சமம். பெரிய நாற்காலிக்கு வந்த அத்தனை பேருக்கும் வாழ்த்துப் போட்டு ஒவ்வொரு முறையும் தன் நாற்காலியைக் காப்பாற்றிக்கொண்டவர் ஸஃப்வத். வாழ்த்து தயாராக இருக்கிறது, வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

"பேர் தெரியாம எப்படி வாழ்த்தறது?" என்று நடைபாதையில் என்னை நிறுத்திக் கேட்டார். "வாழ்த்தாம எப்படி இருக்கறது?"

"சும்மா இருங்களேன் உஸ்தாத்" என்றேன்.

"சும்மா இருக்கறதா? மேடம், முப்பது வருஷமா நான் சும்மா இருந்ததே இல்ல. எந்த முதலாளி வந்தாலும் விசுவாசமா இருந்திருக்கேன். அவர் இருக்கற வரைக்கும் அவருக்குத் துரோகம் பண்ணினதே கிடையாது."

கடைசியில் டீ போடும் ஷாபானின் மைத்துனன், யாருக்கோ கார் ஓட்டுகிறவன், ஒரு பெயரைச் சொன்னானாம்: ஓய்வுபெற்ற ஜெனரல் ஷுக்ரி. ஸஃப்வத்துக்கு உயிர் வந்தது. அந்த வாரமே மூன்றாம் பக்கம் முழுக்க ஜெனரலின் சீருடைப் படம். கீழே, 'எங்கள் புதிய உரிமையாளருக்குக் கொண்டலாத்தி குடும்பத்தின் இதயங்கனிந்த வாழ்த்துகள்'. அதற்கும் கீழே எங்கள் பெயர்கள், கடைசியில் 'மற்றும் பலர்'. என்னை யாரும் கேட்கவில்லை. வாழ்த்துவதற்கு நம் ஊரில் யாரையும் கேட்பதில்லை.

மதியத்துக்குள் நகரத்தில் ஒரு பிரதி இல்லை. சட்டை மடிப்புக் கலையாத இளைஞர்கள் கடை கடையாகப் போய் அள்ளிக்கொண்டு போனார்கள். அத்தபா சதுக்கத்துக் கடையில் முடிவெட்டிக்கொண்டிருந்த ஒருவர் கையிலிருந்ததைக்கூட, "மன்னிக்கணும் பெரியவரே" என்று மரியாதையாக உருவிக்கொண்டார்களாம்.

மறுநாள் ஷெரீஃப் என்பவர் வந்தார். தரப்பிலிருந்து வருவதாகச் சொன்னார். அவர் பெயர் நிஜமாகவே ஷெரீஃப்தானா என்பது எனக்குத் தெரியாது. மெல்லிய குரல், மெல்லிய மீசை. ஷாபான் புதினா டீயை நீட்டினான். "வேண்டாம், நன்றி" என்றார். கெய்ரோவில் டீ வேண்டாம் என்கிற மனிதனை நான் அதுவரை பார்த்ததில்லை.

"எங்க தரப்புக்கு ரொம்ப வருத்தம்" என்றார் ஷெரீஃப். "யாரும் வாங்காத பத்திரிகையை யாரோ வாங்கிட்டதா நீங்க அச்சடிச்சிருக்கீங்க."

"தப்புதான் பாஷா" என்றார் ஸஃப்வத்; அதிகாரம் உள்ளவர்கள் எல்லோரும் எங்கள் ஊரில் பாஷாதான். "அப்போ எங்களை யாரும் வாங்கலையா?"

"வாங்கியிருக்கோம். ஆனா யாரும் வாங்கல."

"தெளிவாப் புரிஞ்சுது பாஷா."

சட்ட ஆலோசகர் நஸ்மி தொண்டையைச் செருமினார். வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு நடக்கும் மனிதர். சட்டத்தையும் அப்படியே தாங்குவார். "விஷயம் என்னன்னா, அரசு வக்கீல் ஆபீஸ்ல ஒரு புகார் பதிவாயிருக்கு. ரகசியத்தை அச்சடிச்சதுக்காகப் பத்திரிகையோட உரிமையாளர் நேர்ல ஆஜராகணும். தண்டனை கொஞ்சம் நீளம்."

"புகார் கொடுத்தது யாரு?" என்று கேட்டேன்.

"தரப்பு."

"யார் மேல?"

"உரிமையாளர் மேல."

"உரிமையாளர் யாரு?"

நஸ்மி மின்விசிறியைப் பார்த்தார். ஷெரீஃப் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மேடம் என்ன எழுதறாங்க?"

"ராசிபலன்."

"அதுல எதிர்காலம் வருதா?"

"எதிர்காலம் இல்லாம ராசிபலன் ஏது?"

"இனிமே எதிர்காலம் வேண்டாம் மேடம். ஜனங்க பதட்டமாயிடறாங்க. நடந்து முடிஞ்சதை மட்டும் எழுதுங்க."

அந்த வாரம் எழுதினேன்: 'மேஷம்: போன வாரம் உங்களுக்கு ஜலதோஷம் இருந்தது. ரிஷபம்: செவ்வாய்க்கிழமை பஸ் தாமதமாக வந்தது.' இத்தனை வருஷத்தில் முதல்முறையாகப் பலன் அப்படியே பலித்திருப்பதாக வாசகர்கள் போன் போட்டுப் பாராட்டினார்கள்.

நிலைமை என்னவென்று ஷெரீஃப் வந்த அன்றே அந்த அறையில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஒருவர் உள்ளே போக வேண்டும். அவர் உரிமையாளராக இருக்க வேண்டும். உரிமையாளர் யார் என்று யாரும் சொல்லக் கூடாது. ஸஃப்வத் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தைப் போட்டவர் அவர்; கைகாட்ட ஆள் கிடைக்காவிட்டால் கை அவரையே காட்டும்.

திடீரென்று அவர் முகம் மலர்ந்தது. "பாஷா, அடுத்த மாசம் நம்ம பத்திரிகைக்குப் பிறந்தநாள். சிறப்பிதழ் போடறோம். அதுல பத்திரிகையோட வரலாறு, யார்கிட்ட இருந்து யார் கைக்கு வந்துதுன்னு முழுசா எழுதிடுவோம். வரலாறு எழுதினா உரிமையாளர் யாருன்னு தானா வெளிய வந்துடும்."

"வரணும்" என்றார் ஷெரீஃப். "தரப்பு இல்லாம வரணும்."

"வரும் பாஷா. யாராவது ஒருத்தர் உக்காந்து எழுதணும், அவ்வளவுதான்."

எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தோம். சினிமா எழுதுகிறவருக்கு இருமல் வந்தது. சமையல் எழுதுகிறவள் அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்து வீட்டுக்கு ஓடினாள்.

அப்போது கதவோரம் நின்றிருந்த மித்வல்லி, "எழுதறவர் பேரைப் போடுவீங்களா?" என்று கேட்டார்.

பாவி மனுஷன்! வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

மித்வல்லி 'புதுமணத் தம்பதிகள்' பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு எதிர் மேசை. ஊரில் கல்யாணம் பண்ணிக்கொண்ட ஜோடிகள் படம் அனுப்புவார்கள். அவர் பெயரைச் சரிபார்த்துப் போடுவார். மணப்பெண் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் அந்த வாரம் முழுக்கச் சாப்பாடு இறங்காது அவருக்கு. ஊரில் பாதிப் பேர் பெயரை அச்சில் போட்ட மனிதர். அவர் பெயர் ஒருமுறைகூட அச்சில் வந்ததில்லை. வாழ்த்துப் பக்கத்தில்கூட இடம் போதாமல் 'மற்றும் பலர்' என்று முடித்துவிடுவார்கள். அந்தப் பலரில் அவர் இருப்பார். வரும் இலையுதிர்காலத்தில் ஓய்வு.

அறை முழுவதும் அவரை அன்போடு பார்த்தது. அப்படி ஓர் அன்பை நான் பக்ரீத் சந்தையில்தான் பார்த்திருக்கிறேன், ஆட்டைத் தடவிப் பார்க்கும்போது.

"பேரா?" என்றார் நஸ்மி. "பெரிய எழுத்துல போடுவோம் உஸ்தாத்."

பத்தே நாளில் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். நானும் படித்தேன், நன்றாகவே இருந்தது. கவாஜா முதல் இதழுக்குக் காகிதம் வாங்க மனைவியின் வளையலை விற்றது, ஜீப் வந்த காலை, ஹாஜியின் குளியல் தொட்டி, எல்லாம் கண் முன்னால் வந்தன. அதைப் பரிசீலிக்க ஒரு வரலாற்றுக் குழு போட்டார்கள். ஸஃப்வத் தலைவர், நஸ்மி உறுப்பினர், ஷெரீஃப் பார்வையாளர். பார்வையாளர் பேச மாட்டார். அவர் இமைப்பதைப் பார்த்து மற்ற இருவரும் பேசுவார்கள். குறிப்பெழுத என்னை உட்கார வைத்தார்கள்.

முதல் கூட்டத்தில் கவாஜா போனார்.

"ஒரு வெளியூர்க்காரன் இங்க வந்து எகிப்துக்காரனுக்குப் படிக்கக் கத்துக் கொடுத்தான்னு எழுதியிருக்கீங்க" என்றார் ஸஃப்வத். "வாசகன் மனசு புண்படாதா?"

"கத்துக் கொடுத்தான்னு எழுதலையே உஸ்தாத். ஆரம்பிச்சாருன்னுதானே எழுதினேன்?"

"ஆரம்பிக்கறதுக்கு முன்னால பத்திரிகை இல்லைன்னு ஆகுதே. நம்ம பத்திரிகை இல்லாத ஒரு காலத்தை நீங்க கற்பனை பண்ணலாமா?"

கவாஜாவோடு வளையலும் போயிற்று.

அடுத்த கூட்டத்தில் ஜீப். 'அரசு பத்திரிகையை எடுத்துக்கொண்டது' என்ற வரியை நஸ்மி இரண்டு முறை வாசித்தார். "அரசு எதையும் எடுத்துக்காது உஸ்தாத் மித்வல்லி. ஏற்கெனவே அரசோடதா இருந்திருக்கும்."

"அப்போ எதுக்கு ஜீப்பு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். எதுக்கு ஜீப்பு? எடுத்துடுங்க."

ஜீப்பை எடுத்ததும் அதில் வந்த அதிகாரிக்கு வருவதற்கு வழி இல்லாமல் போயிற்று. அவரையும் எடுத்தார்கள். ஹாஜி ஃபத்தூஹின் கதையோ சுலபம். பயணம் போனவரைப் பற்றி எழுதக் கூடாது என்றார் ஸஃப்வத். ஹாஜி மகள் கல்யாணத்தில் தட்டு நிறைய ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டு, "ஹாஜி எனக்கு அப்பா மாதிரி" என்று மேடையில் ஏறி அழுத அதே ஸஃப்வத். "ஹாஜியா? எந்த ஹாஜி?" என்று என்னையே கேட்டார். முகத்தில் ஒரு சலனம் இல்லை. எனக்கு அருவருப்பாக இருந்தது.

இதற்கிடையில் ஒரு காலை லாரி வந்து நின்றது. நூலகத்திலிருந்த பழைய இதழ்த் தொகுப்புகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். வரலாற்றோடு அவை ஒத்துப்போகவில்லையாம். எதிர் அறையில் இருந்த நூலகர் அம்மாளும் அதற்குப் பிறகு வரவில்லை. அவர் மேசையில் பாதி குடித்த டீ கிளாஸ் அப்படியே இருந்தது. ஷாபான் அதை எடுக்கப் பயந்துகொண்டு சுற்றிச் சுற்றிப் போனான். முகப்பிலிருந்த பறவையும் மாறியது. அலகில் ஒன்றும் இல்லை. முதலில் முதுகைக் காட்டி உட்கார்ந்தது. மறுவாரம் கிளை மட்டும் இருந்தது.

கடைசிக் கூட்டத்தில் தரப்பு. 'தற்போது வளமான நாளை நிறுவனம் நடத்திவருகிறது' என்று ஒரே ஒரு வரிதான் மித்வல்லி எழுதியிருந்தார். ஷெரீஃப் இமைத்தார்.

"அப்படி ஒரு நிறுவனம் இல்ல" என்றார் நஸ்மி.

"சம்பளச் சீட்டுல இருக்கே?"

"இனிமே இருக்காது."

மிஞ்சியதை ஸஃப்வத் எழுந்து நின்று உரக்க வாசித்தார்: "கொண்டலாத்தி ஒரு பத்திரிகை. அது வாரந்தோறும் வெளிவருகிறது. எழுதியவர்: மித்வல்லி ஹஸனைன்." வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவ்வளவு சுத்தமான வரலாற்றை நான் படிச்சதே இல்ல."

நஸ்மி காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "இந்த வரலாற்றுல பேருன்னு ஒண்ணுதான் இருக்கு."

"ஒண்ணே ஒண்ணு" என்றார் ஸஃப்வத்.

ஷெரீஃப் அன்று முதல்முறையாக வாய் திறந்தார். "அழகான பேரு. ஆனா ரெண்டு பேர்தான் இருக்கு. உங்க பேர், அப்பா பேர். நாலும் போடுவோமே? தாத்தா பேரு, கொள்ளுத் தாத்தா பேரு?"

என் பேனா நின்றுவிட்டது. பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு இரண்டு பெயர் போதும். நடிகைக்கு ஒன்று போதும். நாலு பெயரையும் சேர்த்துக் கேட்கிற இடங்கள் எவை என்று நம் ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்: போலீஸ் நிலையம், கோர்ட், சிறை வாசல்.

மித்வல்லிக்கு மட்டும் தெரியவில்லை. முகமெல்லாம் வெளிச்சம். "மித்வல்லி ஹஸனைன் பயூமி கந்தில்" என்றார். "பயூமியில நெடில் வரணும். அதைத்தான் எல்லாரும் தப்பாப் போடுவாங்க."

அன்று மதியம் அவரைக் கீழே கூட்டிக்கொண்டு போய், சோறும் பயறும் கலந்த கோஷரி விற்கும் கடையில் உட்கார வைத்தேன்.

"யோவ் மித்வல்லி, உங்களுக்கு மூளை இருக்கா? எதுக்கு நாலு பேரையும் கொடுத்தீங்க? ஒரு உரிமையாளரைத் தேடறாங்கய்யா. காகிதத்துல உங்க பேரு மட்டும்தான் மிச்சம்."

"நான் எப்படி உரிமையாளர் ஆவேன் மேடம்? கிழிஞ்ச நாற்காலியை மாத்தச் சொல்லி அஞ்சு வருஷமாக் கேட்டுட்டு இருக்கேன். உரிமையாளர்னா மாத்தியிருக்க மாட்டேனா?"

"உங்க அறிவுக்கு எட்டறது அவங்களுக்கும் எட்டணுமே! மின்யாவுல உங்க அக்கா இருக்காங்க இல்ல? இன்னைக்கே ரயில் ஏறுங்க. உடம்பு சரியில்லைன்னு போன் போடுங்க. சிறப்பிதழ் வந்தப்புறம் திரும்பி வாங்க."

அவர் தட்டிலிருந்த பயறை ஓரமாக ஒதுக்கினார்.

"எங்க அப்பா ரயில்வேயில இருந்தார் மேடம். சிக்னல்ல நிப்பார். செத்தப்போ அனுதாபம் போட ஒருத்தரும் இல்ல. நான் அப்போதான் இங்க சேர்ந்திருந்தேன். ரெண்டு வரி போடுங்கன்னு கேட்டேன். இடமில்லைன்னுட்டாங்க. பக்கத்துல யாரோ பாஷாவோட பூனைக்கு அரைப் பக்கம் போட்டாங்க." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "இப்போ அவர் பேரு வருது. எங்க தாத்தா பேரும் வருது. வீட்டுக்காரி நவாலுக்குச் சொல்லிட்டேன், அவ தெருவுக்கே சொல்லிட்டா. இப்போ போய் வேண்டாம்னு எப்படிச் சொல்லுவேன்?"

எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. அவர் மேலா, அந்த மூன்று பேர் மேலா, பூனைக்கு அரைப் பக்கம் கொடுத்தவன் மேலா என்று தெரியவில்லை. அந்த வாரம் கடக ராசிக்கு, மித்வல்லியின் ராசி அது, 'உடனே ரயில் ஏறவும்' என்று எழுதினேன். அச்சுக்குப் போகும் முன் ஷெரீஃப் அடித்துவிட்டு, ஓரத்தில் மெல்லிய எழுத்தில் 'எதிர்காலம்' என்று எழுதியிருந்தார்.

சிறப்பிதழ் வியாழக்கிழமை காலை வந்தது. வரலாறு முதல் பக்கத்தில், சொன்னபடி பெரிய எழுத்தில். மூன்றாம் பக்கத்தைத் திருப்பினேன். மித்வல்லியின் படம் முழுப் பக்கத்துக்கு இருந்தது. அவருடைய கல்யாணப் படம். கறுப்புக் கோட்டு, காதுவரை சிரிப்பு. கீழே: 'கொண்டலாத்தியின் நிறுவனரும் ஒரே உரிமையாளருமான மித்வல்லி ஹஸனைன் பயூமி கந்தில் அவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் இதயங்கனிந்த வாழ்த்துகள்.' அதற்கும் கீழே எங்கள் பெயர்கள். மற்றும் பலர்.

மாடிப்படியில் ஏறினால், கடைசி ஆணியிலும் அதே படம் கண்ணாடி போட்டுத் தொங்கியது.

மித்வல்லி அந்தப் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் பெரிய தட்டு நிறைய பஸ்பூஸா. வாழ்த்தப்பட்டவர் இனிப்புக் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம் இல்லையா, நவால் விடிகாலையில் எழுந்து செய்திருக்கிறாள்.

"மேடம், இதுல ஏதோ தப்பு நடந்திருக்கு" என்றார். குரல் உள்ளே போயிருந்தது. "நான் எழுதினவர்னுதானே போடச் சொன்னேன்? நிறுவனர்னு போட்டிருக்காங்க. பத்திரிகை ஆரம்பிச்சப்போ எங்க அப்பாவே பொறக்கலையே?"

கூட்ட அறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். ஸஃப்வத் அவரைத் தன் நாற்காலியில் உட்கார வைத்துப் பேசினார். அந்தப் பேச்சைக் குறிப்பெடுத்தவள் நான்தான்.

"நண்பர்களே! நம்ம முதலாளி எவ்வளவு அடக்கமானவர் பாருங்க. இத்தனை வருஷமா கதவோரத்துல உக்காந்து, கிழிஞ்ச நாற்காலியில, யாருக்கும் தெரியாம நம்மை நடத்தியிருக்கார். பொறக்கறதுக்கு முன்னாடியே பத்திரிகை ஆரம்பிச்சது அவரோட தொலைநோக்கு. அவர்கிட்ட நான் எதையும் மறைச்சதில்ல. எனக்கும் இந்தப் பத்திரிகையோட உரிமைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைங்கறதை இந்தச் சந்தோஷமான நேரத்துல, எல்லார் முன்னாடியும், மேடம் இதை எழுதிக்குங்க, சொல்லிக்கறேன்."

கை தட்டினார்கள். பஸ்பூஸா சுற்றி வந்தது. நானும் ஒரு துண்டு எடுத்து, குறிப்பு நோட்டின் மேலேயே வைத்துவிட்டேன்.

தட்டு பாதி காலியானபோது இரண்டு பேர் வந்தார்கள். சட்டை மடிப்புக் கலையாத இளைஞர்கள். அவர்களும் ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள்.

"முதலாளி நீங்கதானே?" என்று ஒருவர் மரியாதையாகக் கேட்டார்.

மித்வல்லி எங்களைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நான் எழுந்து, "அவர் கல்யாணப் பக்கம் பார்க்கறவர்! முதலாளியும் இல்ல ஒண்ணும் இல்ல!" என்று கத்தினேன். அறையில் யாரும் திரும்பவில்லை. நான் கத்தியதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

இளைஞர் மூன்றாம் பக்கத்தை விரித்துக் காட்டினார். "இது உங்க பேருதானே? சரியா இருக்கா பாருங்க."

பழக்க தோஷம். மித்வல்லி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தார். பயூமியில் விரல் கொஞ்சம் நின்றது.

"சரியா இருக்கு" என்றார். "ஒரு பிழைகூட இல்ல."

மித்வல்லியைக் கூட்டிக்கொண்டு போய் அவர் மேல் இரண்டு குற்றம் சாட்டியிருப்பதாக நஸ்மி பிற்பாடு சொன்னார். உரிமையாளரின் பெயரை வெளியிட்டது ஒன்று. இத்தனை காலம் உரிமையாளரின் பெயரை மறைத்தது இன்னொன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லையா என்று கேட்டேன். அதனால்தான் தண்டனையை அடுத்தடுத்து அனுபவிக்க வேண்டியிருக்கும் என்றார். புகார் கொடுத்த தரப்புதானே நிஜ உரிமையாளர் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தெம்பு போய்விட்டது. நவால் தினமும் எனக்குப் போன் செய்கிறாள். "எந்த இடத்துல வெச்சிருக்காங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க அக்கா, வேற ஒண்ணும் வேண்டாம்" என்கிறாள். யாரிடம் கேட்பது? முதலாளியைக் கேட்கலாம் என்றால் முதலாளியே உள்ளே இருக்கிறார்.

போன வாரம் படியேறும்போது பார்த்தேன், மித்வல்லியின் படம் இல்லை. ஆணி மட்டும் இருந்தது. எதிர் மேசையையும் எடுத்துவிட்டார்கள். அவர் பக்கத்துக்கு வந்த ஜோடிப் படங்கள் தரையில் கிடந்தன. பொறுக்கி என் மேசை மேல் வைத்தேன்.

இன்று காலை ஸஃப்வத் கூப்பிட்டார். நஸ்மியும் ஷெரீஃபும் இருந்தார்கள். மேசை மேல் எனக்காக ஒரு புதினா டீ.

"ஒரு சின்ன வேலை மேடம்" என்றார் ஸஃப்வத். "அந்த வரலாறு இருக்கே, அதுல ஒரு பேரு கொஞ்சம் உறுத்துது. பயணம் போனவர் பேரு. அதை எடுத்துட்டுத் திரும்ப எழுதணும். ரெண்டு வரிதான். உங்க மொழி நல்லா இருக்கும்."

"நான் ராசிபலன் எழுதறவ."

"நடந்து முடிஞ்சதை உங்களை மாதிரி யாரும் எழுதறதில்ல" என்றார் ஷெரீஃப். "எழுதினவங்க பேரையும் போடுவோம்."

"பேர் வேண்டாம்."

"முழுப் பேரு" என்றார் அவர், நான் பேசாத மாதிரி.

"எனக்கு இன்ஸாஃப்னு ஒரே பேருதான். அப்பா பேரு தெரியாது, தாத்தா பேரு தெரியாது. ஒண்ணும் தெரியாது!"

"பரவாயில்ல மேடம். சிரமப்படாதீங்க" என்றார் ஷெரீஃப். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, எந்தக் காகிதத்தையும் பார்க்காமல் சொன்னார்: "இன்ஸாஃப் வஹ்பி தவ்ஃபீக் ஜாதல்லாஹ். சரியா இருக்கா பாருங்க."